இடது பக்கம் திருப்பும்போது

சுவா, நாகானோ
ஏப்ரல் 9, 2023

அன்பு ரியோஜிக்கு,

மருத்துவமனையில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உன் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். "இசாவோ, அந்த வளைவுல ஆக்சிலேட்டரை முறுக்குனது நானாடா?" என்றாய். "ஆமாடா, நீதான் முறுக்குன. சத்தம் கேட்டுச்சே" என்றேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஆசிரியராகி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்த காலம்.

நாற்பத்தெட்டு வருடம் கழித்து இதை ஏன் கிளறுகிறேன் என்று முகம் சுளிக்காதே. நம் பந்தய மோட்டார் சைக்கிள் கிடைத்துவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு நான் பழைய மண்பாதை வண்டிகளைச் சரிசெய்யும் க்ளப் ஒன்றில் சேர்ந்திருப்பதை என் மனைவி ஹருமி உன் வீட்டுக்குச் சொல்லியிருப்பாள். அதில் மினோரு என்று ஒருவர், டோஃபு கடைக்காரர். நீகாத்தாவில் ஒரு விவசாயியின் கொட்டகையில், நாற்று நடும் இயந்திரத்துக்குப் பின்னால் இதைப் பார்த்திருக்கிறார். சேஸிஸ் எண்ணைப் போனில் படித்துக் காட்டினார். என் 1975ஆம் வருட நோட்டை எடுத்தேன். ஒரு பக்கத்தில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்கள், மறுபக்கத்தில் நம் வண்டியின் எண். ஒத்துப்போயிற்று. "கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க வாத்தியாரே. ஆசையில பார்த்தா மூணும் எட்டாத்தான் தெரியும்" என்றார் மினோரு. கண்ணாடி போட்டும் பார்த்தேன். அதேதான்.

நாம் விட்ட பிறகு மூன்று பேர் கைமாறியிருக்கிறது. டேங்கில் கறுப்புப் பெயின்ட், கேபிள் ஒன்றுகூட இல்லை, சேஸிஸ் முழுக்கத் துரு. பந்தயத்தன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்பது என் ஆசை. டேங்க் பச்சை நிறம் என்று நினைவு. சரிதானா? முன் மட்கார்டு வெள்ளையா?

ஒவ்வொரு டிசம்பரிலும் கமலா ஆரஞ்சுப் பெட்டி அனுப்புகிறாய், உள்ளே ஒரு வரி கூட இருப்பதில்லை. "பழத்தச் சாப்பிட்டுட்டுத் தோலை லெட்டர்னு நெனச்சுக்குங்க" என்கிறாள் ஹருமி. இந்த முறையாவது காகிதத்தில் எழுது.

உன்
இசாவோ

உவாஜிமா, எஹிமே
மே 3, 2023

அன்பு இசாவோ,

ஆரஞ்சு பூத்திருக்கிறது. வீடெல்லாம் அந்த வாசனைதான். பூக்கிற காலத்தில் எனக்கு எழுத நேரம் கிடையாது. நீ கேட்டதால் எழுதுகிறேன்.

டேங்க் மஞ்சள். பச்சை இல்லை. மட்கார்டு நினைவில் இல்லை.

வண்டி கிடைத்ததில் உனக்கு மகிழ்ச்சி என்று புரிகிறது. எனக்கு என்ன என்றுதான் புரியவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். கத்தரிக்கோலை எடுக்கப் போனவன் மண்வெட்டியோடு மேலே ஏறிப்போய் நின்றேன்.

நான் அதற்குப் பிறகு இரு சக்கர வண்டி எதையும் ஓட்டவில்லை என்பது உனக்குத் தெரியாது. எங்கள் தோட்டம் சரிவில் இருக்கிறது. எண்பது வயதுக் கிழவர்கள் கூட ஸ்கூட்டரில் ஏறிப்போகிறார்கள். நான் ஃபுசாயேவுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறேன். "என்ன ரியோஜி, இன்னைக்கும் பொண்டாட்டி முதுகுதானா?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரன் தினமும் கேட்கிறான். "இந்த முதுகு உனக்குக் கெடைக்கலையேன்னு பொறாமை" என்கிறாள் அவள். கால் சரியில்லை என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கால் எப்போதோ சரியாகிவிட்டது.

கைதான். ஆக்சிலேட்டரை மூடு என்று நான் சொன்னபோது திறந்த வலது கை இது. நீயே உன் காதால் கேட்டிருக்கிறாய். நான் கோழை என்றால் கூடத் தாங்கிக்கொள்வேன். என்னைக் கேட்காமல் தானாக ஒன்று செய்கிற கையை என்ன செய்வது? சாலையைக் கடக்கும்போது பேரனை இடது கையில்தான் பிடிக்கிறேன்.

வண்டியைச் சரிசெய். படம் எடுத்து அனுப்பாதே.

ரியோஜி

சுவா
ஜூன் 25, 2023

அன்பு ரியோஜிக்கு,

பத்து நாளாக விடாத மழை. இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

போன ஞாயிறு மதியம் என் கொட்டகையில் க்ளப் ஆட்கள் கூடியிருந்தார்கள். வண்டி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மரப்பெட்டி மேல் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து உதைத்தேன். நான்காவது உதையில் பிடித்துக்கொண்டது. மினோரு கைதட்டினார். முன் சக்கரம் கதவில் இடிக்கிறதே என்று ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன். இன்ஜின் அலற ஆரம்பித்துவிட்டது.

கனாயே என்று ஒரு பெண், பெயின்ட் பட்டறை வைத்திருக்கிறாள். அவள் கத்தினாள். "வாத்தியாரே, பிடியிலேர்ந்து கைய எடுங்க!"

"எடுத்துட்டேம்மா!"

எடுத்துவிட்டேன், ரியோஜி. என் இரண்டு கைகளும் காற்றில் இருந்தன. வண்டி அலறிக்கொண்டே இருந்தது. அவள் பாய்ந்து வந்து ஹேண்டிலை நேராக்கினாள். சத்தம் அடங்கியது. திரும்ப இடது பக்கம் தள்ளினாள். மறுபடி அலறல்.

"ஆக்சிலேட்டர் கேபிள எந்தப் பக்கமா விட்டிருக்கீங்க?" என்றாள்.

"எப்பவும் விடுற பக்கம்தான்."

"எப்பவும்னா, எப்போலேர்ந்து?"

நான் வண்டியை நிறுத்திவிட்டுக் கையேட்டைத் தேடி எடுத்தேன்.

கரும்பலகையின் மேல் வரியில் எழுதக் கையை உயர்த்தினால் சட்டைக் கை மணிக்கட்டை விட்டு மேலே ஏறும், இல்லையா? சட்டையை யாரும் இழுக்கவில்லை. கை தூரம் போனது, துணி போதவில்லை. கேபிளும் அப்படித்தான். தயாரித்தவர்களின் கையேட்டில், பிடியிலிருந்து ஹேண்டில் கழுத்தின் முன்னால் சுற்றி, இடப்பக்கமாக இறங்கிக் கார்புரேட்டருக்குப் போகிறது. நான் நினைக்காமலே வலப்பக்கம் குறுக்கு வழியாக நேரே இறக்கியிருக்கிறேன். ஹேண்டில் இடது பக்கம் முழுதாகத் திரும்பினால் பிடி முன்னால் போகிறது, கேபிள் போதாமல் இழுபடுகிறது, கார்புரேட்டர் திறந்துகொண்டு இன்ஜின் அலறுகிறது. பிடியை யாரும் முறுக்க வேண்டியதில்லை.

நீ விழுந்தது இடது வளைவு. பந்தயத்துக்கு முந்திய சனிக்கிழமை அந்தக் கேபிளைப் பூட்டியவன் நான்.

இப்போது என் குழப்பத்தைக் கேள். அன்றும் வலப்பக்கம்தான் விட்டேனா? நம்மிடம் இருக்கும் ஒரே புகைப்படத்தில் அந்த இடத்தைப் பந்தய எண் தகடு மறைக்கிறது. வலப்பக்கம் விட்டிருந்தால் சேஸிஸில் கேபிள் உரசிய தடம் இருந்திருக்கும். அந்தச் சேஸிஸை மே மாதமே மணல் பீய்ச்சித் துருவெல்லாம் போகச் சுத்தம் செய்து புதுப் பெயின்ட் அடித்துவிட்டோம். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. தடம் இருந்ததா என்று கனாயேவைக் கேட்டேன். "உரசல் நெறைய இருந்துச்சு வாத்தியாரே. எந்தப் பக்கம்னு பாக்கல. பாக்கச் சொன்னீங்களா?" என்றாள்.

சொல்லவில்லை. பழையதைக் காப்பாற்றுகிறேன் என்று பழையதை எல்லாம் சுரண்டிப் போட்டவன் நான். புதுக் கேபிளின் நீளம் பழையதுதானா என்பதும் தெரியாது. இருபத்து நான்கு வயதுக் கை செய்ததைத்தான் எழுபத்திரண்டு வயதுக் கையும் செய்கிறதா? அதுவும் தெரியாது.

உன் வலது கையைப் பற்றி நீ எழுதிய வரியை நான் ஹருமிக்குக் கூடப் படித்துக் காட்டவில்லை.

இசாவோ

உவாஜிமா
ஜூலை 20, 2023

இசாவோ,

நீ அழுதுகொண்டு எழுதியது போல இருக்கிறது. வேண்டாம். ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது.

பந்தயத்தன்று காலையில் கேபிள் எண் தகட்டில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. நீ சோற்று உருண்டை வாங்க வரிசையில் நின்றிருந்தாய். நான்தான் கேபிளைக் கழற்றி வலப்பக்கமாக விட்டேன். உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஆகவே தப்பு உன்னுடையது இல்லை. இதோடு விடு.

நான்கு நாளாக ஃபுசாயே என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். நடு முற்றத்தில் நின்றுகொண்டு வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேனாம். "என்ன, கைரேகை பாக்கக் கத்துக்கிறீங்களா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

நீ சொல்வது உண்மை என்றால் நான் நாற்பத்தெட்டு வருடம் யார் மேல் கோபப்பட்டேன்? உண்மை இல்லை என்றால் இந்த வயதில் எதற்காக இதை எனக்கு எழுதினாய்? இரண்டில் எது நடந்திருந்தால் எனக்கு நல்லது என்று கூடத் தெரியவில்லை. இனி இதைப் பற்றி எழுதாதே. ஆரஞ்சு டிசம்பரில் வரும்.

ரியோஜி

சுவா
செப்டம்பர் 17, 2023

அன்பு ரியோஜிக்கு,

எழுதாதே என்றாய். இன்னும் ஒன்றே ஒன்று எழுதிவிடுகிறேன், பிறகு உன் விருப்பம்.

முப்பத்தாறு வருடம் வகுப்பில் நின்றவன் நான். பொய் சொல்லும் பையன் தேவைக்கு மேல் ஒரு விவரம் சேர்ப்பான். நீ சோற்று உருண்டையைச் சேர்த்தாய். அந்தக் கேபிளை மாற்றி விட வேண்டுமென்றால் டேங்கைக் கழற்ற வேண்டும். அதற்கு ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் என் வேனுக்குள், வேன் சாவி என் பையில், நான் வரிசையில். எனக்காக நீ பழியை ஏற்கப் பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். அதற்காக உன்னை இரண்டு நாள் திட்டினேன். மூன்றாம் நாள், பக்கத்துக் கூடாரத்தில் நீ ஸ்பேனர் இரவல் வாங்கியிருக்கலாமே என்று தோன்றியது. அதுவும் நடந்திருக்கலாம். மறுபடி குழம்பிப்போனேன்.

கனாயே டேங்கின் பெயின்டை அடுக்கடுக்காகச் சுரண்டினாள். கறுப்பு, அதன் கீழே வெள்ளி, எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு. நான் பச்சை என்றேன், நீ மஞ்சள் என்றாய். "ரெண்டு பேரும் ஒரே வண்டியத்தான் ஓட்டுனீங்களா?" என்று மினோரு கேட்கிறார். டேங்கின் நிறமே நினைவில்லாத இரண்டு பேர் கேபிளைப் பற்றிச் சாட்சி சொல்லி என்ன பயன்?

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். அன்று நான் பந்தயப் பாதையின் இரண்டாவது மேட்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். உன் கையை நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டேன், பிறகு வேலி உடைவதைப் பார்த்தேன். சத்தம் வந்ததால் கைதான் முறுக்கியது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒரு மாணவன் சோதனைக் குறிப்பில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்து, "பார்த்ததை மட்டும் எழுது" என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். உன் கேள்விக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்: "எனக்குத் தெரியலடா. வண்டியைப் பார்த்துட்டுச் சொல்றேன்." வண்டியைப் பார்க்காமலே பதில் சொன்னேன். அடுத்த மாதமே அதை விற்றும் விட்டேன். கேபிளை யார் விட்டிருந்தாலும் அந்தப் பதில் என்னுடையது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்: மன்னித்துவிடு.

படம் அனுப்பாதே என்றாய். அதனால் வண்டியையே அனுப்புகிறேன். அக்டோபர் எட்டாம் தேதி மினோரு தன் சிறிய லாரியில் கொண்டுவருவார். நான் கூட வரவில்லை. நீ கூப்பிட்டால் வருவேன். கேபிளை வலப்பக்கமாகவே, தப்பாகவே விட்டிருக்கிறேன். சரியான பக்கம் மாற்ற வேண்டிய ஸ்பேனர் இருக்கைக்கு அடியில் துணியில் சுற்றி இருக்கிறது. மாற்றும் வரை யாரும் அதில் ஏறக் கூடாது. மினோருவிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்று என்ன நடந்தது என்று அந்த வண்டி சொல்லாது. எது நடந்திருக்கக் கூடும் என்று மட்டும் சொல்லும். அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும்.

முற்றத்தில் மரப்பெட்டி மேல் வண்டியை வைத்து, நியூட்ரலில் மினோருவைக் கிளப்பச் சொல். பிடியை யாரும் தொட வேண்டாம். நீ உன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று, முன் சக்கரத்தைப் பிடித்து இடது பக்கம் முழுக்கத் திருப்பும்படி ஃபுசாயேவிடம் சொல்லிவிட்டு, சத்தத்தைக் கேள்.

உன்
இசாவோ