அட்டையில் செத்துப்போனவள்

குமாசி, பான்டாமா
2 செப்டம்பர் 2009, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. கொண்டுவந்து தருகிற எக்கோ மாமாவுக்குக்கூடக் காட்டாதே. உன் தம்பிதான், ஆனால் அவர் ஓட்டுகிற லாரி நிற்கிற இடமெல்லாம் அவர் வாயும் திறக்கும். படித்து முடித்ததும் மீனுக்குப் புகை போடுகிற அடுப்பில் போட்டுவிடு. என் போனை இந்த வீட்டில் அவர் பிடுங்கி வைத்துக்கொண்டதால்தான் எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச்சை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

அவர் என்று நான் சொல்வது யாவ் அட்டாகோராவைத்தான். "நான் உன் அப்பாவோட அக்கா மகன். வீடும் எனக்கு, பொறுப்பும் எனக்கு. இனிமே என்னை அப்பான்னு கூப்பிடு" என்று அப்பாவின் சாவு முடிந்த எட்டாம் நாள் சொன்னாரே, நீயும் கறுப்புத் துணியோடு நின்று கேட்டாயே. அக்கா மகனுக்குத்தான் சொத்து, நம் வழக்கம் அதுதானே என்று நானும் கூப்பிட்டேன். வீடு போனது, உன் தையல் மெஷின் போனது, நீயும் போனாய். அதற்கெல்லாம் நான் அழவில்லை.

நேற்று ஜெர்மனியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே பத்து இசைத்தட்டுகள். எழுபத்தாறில் அப்பா போட்ட அந்த ஒரே ரெக்கார்டைப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். பழையதைவிடக் கனம், கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஆனால் அட்டையில் அப்பா இல்லை. அப்பாவின் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் டிரம்பெட்டைப் பிடித்துக்கொண்டு அட்டாகோரா சிரிக்கிறார். அதையும் கம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறார்.

ஜூனில் அதே ஜெர்மனியிலிருந்து யோகன் என்ற வெள்ளைக்காரர் வந்தபோது நான்தான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். பழைய ஃபங்க், டிஸ்கோ ரெக்கார்டுகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறாராம். "குவாபெனா அசியாமா நீங்கதானா?" என்று அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டார். "நான்தான்" என்றார் இவர். அம்மா, அது பொய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. செத்தவர் இடத்தில் உட்கார்ந்தவரைக் குடும்பக் கூட்டத்தில் அந்தப் பெயரிலேயே கூப்பிடுகிறார்கள், அவரும் அப்படித்தானே சொல்வார்? வெள்ளைக்காரருக்கு அது தெரியாது. அடுத்ததாக, "இந்தப் பாட்டெல்லாம் எழுதினப்போ உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். இவர் நான் வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு "பத்தொன்பது" என்றார். திருடனானது அந்த இடத்தில்தான்.

அக்டோபர் பத்தாம் தேதி யோகன் கேமராவோடு மறுபடி வருகிறார். ஆன்ட்டி மான்சாவின் பாரில் இந்த ரெக்கார்டுக்கு விழா. ஊர் முழுக்க வரும். அன்றைக்கு அட்டாகோரா தலையைத் தொங்கப்போட்டு மண்ணைப் பார்க்க வேண்டும். எனக்கு அது வேண்டும் அம்மா. எப்படி என்று நீ சொல்.

அட்டையில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் மகள்,
ஃப்ரேமா


செகொண்டி
9 செப்டம்பர் 2009

என் செல்ல ஃப்ரேமாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், நீ நலமா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? எக்கோ சொன்னான், கழுத்தெலும்பு தெரிகிறதாமே. பள்ளிக்குப் போகும் வழியில் சோளக் கென்கி வாங்கிச் சாப்பிடு, மிளகாயைக் குறைத்துக்கொள். இருமல் நின்றதா?

மகளே, பொறுத்துக்கொள். பெரியவர்கள் முன்னால் நான் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ பள்ளி முடிக்கும்வரை அந்த வீட்டைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன், உன்னையும் அவன் வெளியே அனுப்பக்கூடாது. அதுதான் பேச்சு. ரெக்கார்டு போனால் போகட்டும். மனுஷனே போய்விட்டார், அவர் ஊதின காற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்? அட்டாகோரா தொப்பி போட்டுக்கொள்ளட்டும், அவன் தலைக்கு அது பெரிசு. நீ பரீட்சையைப் பார்.

கறுப்புத் துணியைக் கழற்ற இன்னும் ஒரு மாதம்தான். அப்புறம் உன்னைப் பார்க்க வருவேன்.

ஒன்று கேட்கிறேன். பாதி சொல்லிப் பாதி விழுங்குவது உன் அப்பா குணம், உனக்கு வேண்டாம். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? எழுது.

முத்தங்களுடன்,
அம்மா


குமாசி
15 செப்டம்பர் 2009, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயாகக் கேட்டதால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. அட்டையின் பின்பக்கத்தில் அவர் பேட்டி இருக்கிறது. அப்படியே நம் மொழியில் தருகிறேன்:

"மூன்றாவது பாட்டை என் மனைவி அராபாவுக்காக எழுதினேன். கடலோரத்துப் பெண். தலைப்பிரசவத்தில் இறந்துபோனாள், குழந்தையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு நான் டிரம்பெட்டைத் தொடவேயில்லை."

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியதாக யோகன் கீழே எழுதியிருக்கிறார்.

அந்த மூன்றாவது பாட்டைப் போட்டுக் கேட்டேன். நான் நாலு வயதில் கரண்டியால் கீறின இடத்தில் ஒரு 'டக்' வருமே, புதுத் தட்டிலும் அதே இடத்தில் அதே 'டக்' வருகிறது. நம் வீட்டு ரெக்கார்டிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். தங்காத குழந்தை கீறின கீறல், அம்மா.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடமே கேட்டேன். "அம்மா செத்துட்டாங்கன்னு போட்டிருக்கே?"

அவர் ஃபூஃபூ உருண்டையை விழுங்கிவிட்டுச் சிரித்தார். "அது வெளிநாட்டுக்காரங்களுக்கு. கொஞ்சம் சோகம் இருந்தாதான் ரெக்கார்டு ஓடும். நான் ஏன் ஊதுறதில்லைன்னு கேட்டான், ஒரு காரணம் சொல்ல வேணாமா? உங்கம்மா இதையெல்லாம் இங்கிலீஷ்ல படிக்கவா போறா?"

"நான் படிச்சேனே."

"படிச்ச வாய் மூடியே இருக்கணும். யோகன் வர்ற அன்னிக்கு நீ வீட்டு வேலைக்கு இருக்கிற பொண்ணு, அவ்வளவுதான். இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு உங்கம்மாவோட மீன் நாத்தத்துக்கே போய்ச் சேரு."

அம்மா, இப்போதும் பொறுக்கச் சொல்வாயா?

உன் மகள்,
ஃப்ரேமா


செகொண்டி
23 செப்டம்பர் 2009

ஃப்ரேமாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன்.

ஒரு வருஷமாகக் கறுப்பு கட்டிக்கொண்டு, உப்புக் குறைத்து, பாயில் படுத்து, அவன் மாமனுக்காகத் துக்கம் காத்தேன். அந்த ஒரு வருஷத்தில் அவன் என்னைப் புதைத்துவிட்டான். வீட்டை எடுத்தான், சரி, வழக்கம். பெயரை எடுத்தான், அதுவும் வழக்கம். என் சாவை எடுத்து விற்க எந்தப் பெரியவர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்? என் பிள்ளையையும் சேர்த்துக் கொன்றிருக்கிறானே!

எப்படி என்று கேட்டாயே, கேள். அக்டோபர் பதினொன்று உன் அப்பாவின் முதலாண்டு நினைவு நாள். நினைவுச் சுவரொட்டி அடிப்பது மனைவியின் உரிமை, யாரும் கேள்வி கேட்க முடியாது. தகோராடியில் அச்சகத்துக்குப் போய் நாற்பது அடிக்கக் கொடுத்துவிட்டேன். மேலே உன் அப்பா படம், டிரம்பெட்டோடு. பிறந்த தேதி, இறந்த தேதி. மனைவி: அராபா. மகள்: ஃப்ரேமா. அதற்குக் கீழே, வாரிசு: யாவ் அட்டாகோரா. அவன் படத்தையும் போடச் சொன்னேன். நல்ல படமாக, மரியாதையாக, மூக்கும் முழியும் தெளிவாகத் தெரிகிற மாதிரி. வாரிசு பெயர் இல்லாத சுவரொட்டி குமாசியில் உண்டா? அவன் எதைச் சொல்லிக் கிழிப்பான்? கிழித்தால் செத்தவர் முகத்தைக் கிழித்தவன் ஆவான்.

விழாவுக்கு முந்தின நாள் ஒட்டாதே. விழா அன்று சாயங்காலம் யோகன் பாருக்குள் போனதும் ஒட்டு, வெளியே வரும்போது பார்க்கட்டும். வாசலுக்கு இரண்டு பக்கமும் எட்டு எட்டு. எதிர்ச் சுவரில் பன்னிரண்டு. அவர் தங்கும் விடுதி வாசலில் நாலு. மீதி வழியில். மரவள்ளி மாவு ஒரு கிண்ணம், தண்ணீர் நாலு கிண்ணம், கட்டி தட்டாமல் காய்ச்சு. ஆள் வைக்காதே, பேச்சு வெளியே போகும். நீயே ஒட்டு.

அராபா


குமாசி
1 அக்டோபர் 2009, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

சுவரொட்டிகள் வந்து சேர்ந்தன. மாமா மீன் சாக்குக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். கட்டிலுக்கடியில் இருக்கின்றன. அறை முழுக்க மீன் வாசனை. கேட்டால் பூனை என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.

அப்பா படம் நன்றாக இருக்கிறது. ராத்திரி ஒன்றை விரித்து வெகுநேரம் பார்த்தேன். ஆனால் அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று என் கையிலிருந்து தட்டு விழுந்து உடைந்தது. அவர் எழுந்து வந்தார். அடிக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி என் புத்தகங்களின் மேல் வைத்துவிட்டு மறுபடி போய்ச் சாப்பிட்டார். காலையில்தான் எடுத்துக்கொண்டார்.

நான்தான் ஆரம்பித்தேன், தெரியும். அவர் முகம் கறுப்பதை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. ஆனால் அதற்கப்புறம் நடப்பதை நான் யோசிக்கவில்லை. நினைவு நாளைப் பெரியவர்களிடம் சொல்லி வேறு மாதிரி செய்யலாமா? இல்லையென்றால் நீ அன்றைக்கு வருவாயா? நீ வரமுடியாவிட்டால் எக்கோ மாமாவாவது லாரியோடு பான்டாமா சந்தியில் நிற்பாரா? பரீட்சை அட்டவணை வந்துவிட்டது. கணக்குதான் முதலில்.

உன் மகள்,
ஃப்ரேமா


செகொண்டி
6 அக்டோபர் 2009

ஃப்ரேமா,

பெரியவர்கள் வேண்டாம். அவன் அவர்களுக்குப் பாட்டில் வாங்கிக் கொடுப்பான், அவர்கள் தொண்டையைக் கனைப்பார்கள், அதோடு முடிந்துவிடும். நான் வந்தால் என் முகத்தைப் பார்த்ததும் உஷாராகிவிடுவான். செத்தவள் எப்படி வருவேன்? எக்கோவுக்கு அன்று வடக்கே தமாலேக்குச் சுமை இருக்கிறது, திரும்ப மூன்று நாளாகும்.

தொடங்கியவள் நீ. பாதியில் விடாதே. விடுதி வாசலில் நாலு போதாது, ஆறு ஒட்டு. பசை கெட்டியாக இருக்கட்டும், மழை வந்தாலும் வரும். அவன் முகம் எப்படிப் போனது என்று ஒன்று விடாமல் எனக்கு எழுது. அதைப் படிக்கத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அராபா


குமாசி
10 அக்டோபர் 2009, இரவு

அம்மா,

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய்.

ஆறு மணிக்கு யோகன் பாருக்குள் போனார். நான் வாளியோடு வெளியே நின்றேன். உள்ளே அப்பாவின் ரெக்கார்டைப் போட்டார்கள். சுவரில் கை வைத்து ஒட்டும்போது பாஸ் கித்தார் உள்ளங்கைக்குள் அதிர்ந்தது. மூன்றாவது பாட்டு முடிவதற்குள் முப்பத்துநாலு ஒட்டிவிட்டேன். மீதி ஆறையும் விடுதியில் ஒட்டிவிட்டு ஓடி வந்தேன்.

எல்லோரையும் வாசலில் நிற்கவைத்துப் படம் எடுக்கத்தான் யோகன் வெளியே வந்தார். கேமராவைத் தூக்கினவர் அப்படியே இறக்கிவிட்டார். கிட்டப் போய்ப் படித்தார். அடுத்ததைப் படித்தார். எல்லாம் ஒன்றுதான் என்று புரிந்ததும் திரும்பி, "இது யாரு?" என்றார்.

பீர் தட்டோடு நின்ற ஆன்ட்டி மான்சா சொன்னார்: "இது தெரியாதா? குவாபெனா! நாளையோட ஒரு வருஷம். சாவுக்கு பீர் என் கடையிலேருந்துதான் போச்சு. இதோ நிக்கிறாரே அட்டாகோரா, இவரு அவரோட வாரிசு. அதோ கீழே போட்டிருக்கு பாருங்க, மாப்பிள்ளை மாதிரி இருக்காரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கேலியாகச் சிரிக்கவில்லை அம்மா, சந்தோஷமாகத்தான் சிரித்தார்கள். அட்டாகோரா சிரிக்கவில்லை. "எங்க வழக்கம் உங்களுக்குப் புரியாது. அவர் இடத்துல இருக்கிறதால நான்தான் அவர்" என்றார்.

"அப்படின்னா ஊதுங்க" என்றார் யோகன்.

டிரம்பெட் அவர் கையில்தான் இருந்தது. வேறு வழியில்லை, ஊதினார். ஆடு இருமின மாதிரி ஒரு சத்தம். "வாரிசு, வீட்டை எழுதி வாங்கினப்போ மூச்சையும் எழுதி வாங்கலையா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். இந்தத் தடவை கேலிச் சிரிப்பு. சின்னப் பிள்ளைகள் ஆடு மாதிரி கத்த ஆரம்பித்தார்கள்.

யோகன் மனைவி பெயரில் விரலை வைத்தார். "அராபா உயிரோட இருக்காங்களா?"

நான் சொன்னேன்: "இருக்காங்க. செகொண்டியில மீன் புகை போடுறாங்க. நான் அவங்க மக. வேலைக்காரி இல்லை."

அட்டாகோரா என்னைப் பார்த்தார். பசை காய்ந்து வெள்ளையாக இருந்த என் கைகளைப் பார்த்தார். பிறகு மண்ணைப் பார்த்தார். நான் கேட்டது கிடைத்தது அம்மா. நெஞ்சு குளிர்ந்தது. பாட்டில் மூடியைத் திறக்கிற நேரம்தான் அந்தக் குளிர்ச்சி இருந்தது.

யோகன் நாளை காலை உன்னைப் பார்க்க வருகிறார். அச்சடித்த அட்டையையெல்லாம் திரும்ப வாங்கப்போவதாகச் சொன்னார். அப்பா பெயரும் உன் பெயரும் சரியாக வரும். அதனால் நீ சந்தோஷப்படலாம். காரில் ஏறும்போது என் தோளைத் தட்டி, "தைரியமான பொண்ணு" என்றார். கார் போய்விட்டது.

"எங்க படுக்கப்போற?" என்று ஆன்ட்டி மான்சா கேட்டார். "அம்மா ஏற்பாடு பண்ணியிருப்பாங்க" என்றேன். வெட்கமாக இருந்தது, அதனால் அப்படிச் சொன்னேன். சந்தியில் போய் நின்றேன். தமாலே என்று நீ எழுதினது பொய்யாக இருக்கும், கடிதம் யார் கையிலாவது சிக்கினால் என்று அப்படி எழுதியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது மணி வரை ஒவ்வொரு லாரியாகப் பார்த்தேன். பிறகு மழை பிடித்தது. வீட்டுக்கு வந்தேன். வேறு வீடு எனக்குத் தெரியாது.

உன் கடிதங்களை இப்போது வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் இருமல் நின்றதா என்று கேட்டிருக்கிறாய். அதற்கப்புறம் கேட்கவில்லை. வாசலுக்கு எத்தனை, எதிர்ச் சுவருக்கு எத்தனை, மாவுக்கு எவ்வளவு தண்ணீர், எல்லாம் எழுதியிருக்கிறாய். ஒட்டின பிறகு நான் எங்கே தூங்க வேண்டும் என்று எழுதவில்லை. அவர் உன்னை அட்டையில்தான் கொன்றார். நீ என்னை

கீழே கதவு திறக்கிறது. அவர்தான். படியில் வருகிறார். விளக்குப் போடவில்லை.

தட்டுகிறார். மெதுவாகத்தான் தட்டுகிறார் அம்மா, அதனால்தான் எனக்குப் பயமாக