பாண் சைக்கிளுக்கு மழைக்காலச் சாமான்

மே 19, செவ்வாய்

நேற்று இரவு பிடித்த மழை. இன்னும் விடவில்லை. பேக்கரியில் பாண் ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது பாலத்துக்கு இந்தப் பக்கம் லைட் செத்துப் போனது. தட்டினேன், குலுக்கினேன், ஏசினேன். பிறகு இருட்டில் தள்ளிக்கொண்டே வந்தேன். தோட்டத்து மேல் டிவிஷன் லயத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது சனம் பெரட்டுக்குப் போய்விட்டது. வேலைக்குப் பெயர் கொடுக்கப் போன பிறகு பாணை யார் வாங்குவது? பாதிப் பெட்டி அப்படியே திரும்பியது.

ஹாஜியார் பேக்கரி வாசலில் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

"தங்கச்சி, ஒங்கட மாப்புள மணியம் நல்ல மனுசன். அவர்ட மொகத்துக்குத்தான் இந்த ரூட்ட ஒங்களுக்குத் தந்த. மழ இப்பதான் தொடங்கி ஈக்கி. மாசம் முடியங்காட்டியும் பாப்பம். ஏலாட்டி ரூட்டக் கேக்குற அந்த த்ரீவீல்காரனுக்குத்தான் குடுக்கோணும்."

"சரிங்க ஹாஜியார்."

ரூட் போனால் மகள் சொல்கிற மாதிரி கொழும்புக்குப் போய் யார் வீட்டிலோ சமையல் வேலை. லயத்து வீட்டைப் பூட்டிவிட்டு. இதை நினைத்தால் பயம் வரவேண்டும். வரவில்லை. வீட்டுக்காரர் நெஞ்சுவலி என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோன நாளிலிருந்து இப்படித்தான். ஒன்றும் ஏறுவதில்லை. கருமாதிக்கு வந்தவர்கள் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த கண்.

வாங்க: லைட். பிரேக் கட்டை. பின் மட்கார்ட். கைக்கு ஏதாவது. சவுக்காரம் (காலில் ஏறுகிற அட்டைக்கு).

மே 20, புதன்

மழை விட்டு விட்டு. யட்டியாந்தோட்டைக்குக் கீழே சைக்கிள் கடை. கடைக்கார பாஸ் சிங்களவர். வீட்டுக்காரருக்கு இந்த மவுண்டன் சைக்கிளைச் செகண்ட் ஹேண்டில் எடுத்துக் கொடுத்ததே அவர்தான். கியர், தடித்த டயர், பின்னால் பெட்டி கட்டக் கரியர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

லைட் மூன்று விதம் காட்டினார். ஹேண்டிலில் பூட்டுகிற சின்னது. பெரியது, பட்டரி தனியாக. பிறகு தலையில் கட்டுகிற பட்டி லைட். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் இறங்குகிறவர்கள் கட்டுவது. தலை திரும்புகிற பக்கம் வெளிச்சமும் திரும்பும், வளைவுக்கு நல்லது என்று நான்தான் பெரிய இவளாட்டம் அதை எடுத்தேன். பாஸ் தலையைச் சொறிந்தார். "அக்கே, மீதும எனகொட்ட பலன்ன." பனிமூட்டம் வரும்போது பாருங்கள் என்கிறார். பார்ப்போம் பார்ப்போம் என்றேன்.

பிரேக் கட்டை மாற்றியாயிற்று. மட்கார்ட் நீளமானது. இல்லாவிட்டால் சேறு முழுக்க முதுகிலும் பெட்டியிலும்.

பக்கத்து வீட்டுச் செல்வராணி எட்டிப் பார்த்தாள்.

"கமலாக்கா, லைட்டு கிட்டு எல்லாம் சரி. ஹோன் எங்க? அத மாட்டுங்களேன்."

கேட்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

மே 21, வியாழன்

பாஸ் சொன்னது சரி. இறக்கத்தில் பனி. தலையில் லைட்டைப் போட்டதும் முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சீலை தொங்குகிற மாதிரி. வெளிச்சம் எல்லாம் பனியில் பட்டு என் கண்ணுக்கே திரும்பி வருகிறது. பாதை இல்லை. ஓரத்துத் தண்ணிக் கான் இல்லை. இறங்கித் தள்ளினேன். ரோட்டோரம் ஒரு மாடு படுத்திருந்தது, அதன் மேலேயே விழுந்தேன். அது எழும்பக்கூட இல்லை. நானும் கொஞ்ச நேரம் எழும்பவில்லை. சூடாக இருந்தது.

மறுபடி பிந்தியது. மறுபடி பாண் மிச்சம். இரவுக்குப் பாண், தேங்காய்ச் சம்பல். நேற்றும் அதே.

கால் விரலுக்கிடையில் அட்டை. எப்போது ஏறியதோ.

மே 22, வெள்ளி

லைட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து ஹேண்டிலில் பூட்டுவதை வாங்கினேன். பாஸ் "நான் அன்றே சொன்னேன்" என்று சொல்லவில்லை. மரியாதையான மனுசன். கீழே இருக்கிற லைட் பனிக்கு அடியால் போகும், அதனால் ரோடு தெரியுமாம். வெள்ளையைவிட மஞ்சள் நல்லதாம். பழைய லைட்டில் உங்கள் வீட்டுக்காரர் ஒட்டியிருந்தாரே என்றார்.

ஆமாம். மஞ்சள் கண்ணாடித்தாள். வெசாக் பண்டிகை விளக்குக் கூட்டுக்கு வாங்கியதில் மிச்சத்தை எடுத்து லைட்டில் ஒட்டியிருந்தார். "என்ன, பாண் வண்டிக்கும் வெசாக்கா?" என்று கேலி பண்ணினேன். சிரித்தாரே தவிர எதற்கு என்று சொல்லவில்லை. சொல்கிற ஆளும் இல்லை.

பழைய லைட்டிலிருந்து அந்தத் தாளை உரித்தேன். கிழியாமல் வந்தது. புதிய லைட்டுக்கு அளவு கொஞ்சம் சின்னது. ஓரத்தில் வெள்ளை தெரியும், தெரியட்டும்.

மே 23, சனி

லைட் நல்லது. ரோடு மஞ்சளாக, பழைய போட்டோ மாதிரி. கல், பள்ளம், கான் எல்லாம் தெரிகிறது. பிரேக் பிடிக்கிறது. ஆனால் மேல் டிவிஷனுக்குக் கீழே பின் டயர் காற்றுப் போனது. ரப்பர் விறகுச் சிராய்.

கைக்கு: அவருடைய கம்பளிக் கையுறை போட்டுப் பார்த்தேன். நனைந்தால் பிழிய வேண்டியிருக்கிறது. இப்போது பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை. ரோஸ் கலர். தோட்டத்து வேலையை மேய்க்கிற கண்டக்டர் மாஸ்டர் மோட்டர் சைக்கிளை நிறுத்தி ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். கை சூடாக இருக்கிறது. அவர் பார்க்கட்டும்.

மழைக்கோட்டு: நீளமானது வேண்டாம், செயினில் மாட்டும். இடுப்பளவு போதும். பெட்டிக்கு மேலே உரப்பை, அதற்கு மேலே பொலித்தீன். நான் நனையலாம். பாண் நனையக்கூடாது.

மே 24, ஞாயிறு

வெயில்! துணி எல்லாம் வெளியே.

கொழும்பிலிருந்து மவுண்டன் சைக்கிள்காரர்கள் ஒரு கூட்டம் தோட்டத்து ரோட்டால் இறங்கியது. பட்டப்பகலில் லைட் எரிகிறது. முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம். ஒரு பிள்ளைக்கு டயர் காற்றுப் போய் எங்கள் தண்ணிப் பீலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். காற்று அடிக்கிற வாயால் பால் மாதிரி எதையோ ஊற்றி, சில்லைச் சுற்றினாள். ஓட்டை தானாக அடைபட்டுவிட்டது. தமிழ்ப் பிள்ளை.

"என்னம்மா அது?"

"இது டயருக்குள்ள ஊத்துறது அன்ட்டி. ரப்பர் பால்லதான் செய்றாங்க."

ரப்பர் பால்! சுற்றிப் பார்த்தால் மலை முழுக்க அதுதானே வடிகிறது. இதைப் போய்க் கடையில் வாங்குகிறார்களாம்.

செல்வராணி பால் வெட்டுகிறவள். நாளைக்குச் சிரட்டைப் பால் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

மே 25, திங்கள்

மத்தியானம் செல்வராணி ஒரு போத்தலில் பால் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் வால்வைக் கழற்றி, புனல் வைத்து, இரண்டு டியூபுக்கும் ஊற்றினோம். தாராளமாக. சுற்றினோம். எங்களுக்கே எங்களை நினைத்துப் பெருமை.

மே 26, செவ்வாய்

விடியற்காலை சைக்கிளை இறக்கத்தில் விட்டால் தடக் தடக் என்று குதிக்கிறது. சில்லுக்குள் யாரோ உட்கார்ந்து உதைக்கிற மாதிரி. பேக்கரி வரைக்கும் தள்ளினேன். பேக்கரியிலிருந்து தள்ளினேன். பாண் பெட்டிக்குள் ஆடி நசுங்கி. ஹாஜியார் நாள்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

பின்னேரம் செல்வராணியோடு டியூபை வெட்டிப் பார்த்தோம். உள்ளே வெள்ளையாக, கோழி முட்டை அளவுக்கு ஒட்டுப்பால் உருண்டை. நன்றாகத் திரண்டு.

அமோனியா! பாலுக்கு அமோனியா விடாவிட்டால் உறைந்துபோகும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பால் வெட்டினவள் நான். மழை நாளில் வாளிக்கு அமோனியா விடாமல் கண்டக்டரிடம் ஏச்சு வாங்காத நாள் கிடையாது. செல்வராணி இன்றைக்கும் அதே வேலையில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

"அக்கா, இத தராசுல வச்சா எனக்கு ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் போட்டுருவாங்க" என்றாள்.

சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும், இதை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று வாசல் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மறுபடி ஒன்றும் இல்லை. டியூப் இரண்டும் புதிது வாங்கினேன்.

மே 28, வியாழன்

கடும் மழை. காற்று.

இன்றைக்கு எல்லாம் சரியாக இருந்தது. லைட் சரி. டயர் சரி, காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் களிமண்ணில் வழுக்குவதில்லை. பிரேக் சரி. கை சரி. சவுக்காரம் தேய்த்த காலில் அட்டை இல்லை. மேல் டிவிஷனுக்கு நேரத்துக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு லயத்திலும் விளக்கு எரிகிறது, அடுப்பு புகைகிறது. நின்று "பாண்! பாண்!" என்று கத்தினேன்.

ஒருவரும் வரவில்லை. தகரத்தில் விழுகிற மழை. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கதவைத் தட்டித் தட்டிப் போனால் கடைசி லயத்துக்குப் போவதற்குள் விடிந்துவிடும். அப்படித்தான் ஆயிற்று.

பாஸிடம் மணி வாங்கினேன். கிணிங் என்கிறது, பூனைக்குட்டி மாதிரி. மாற்றி, பட்டரி ஹோன். அமுக்கினால் அம்புலன்ஸ் சத்தம். பின்னேரம் மிச்சப் பாணோடு லயத்தில் அமுக்கியதற்கு இரண்டு பேர் பயந்து ஓடிவந்து, யாருக்கு என்ன என்று கேட்டுவிட்டு, பாண் வாங்காமல் போனார்கள். அதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. பாஸ் வாங்கி வைத்தார். பிறகு கையால் காற்றை அமுக்கிக் காட்டினார். பாம், பாம்.

தெரியும். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவருடைய ரப்பர் ஹோன் அலுமாரிக்கு மேலே பேப்பரில் சுற்றி இருக்கிறது. ரூட்டை எடுத்த முதல் நாள் நானாகக் கழற்றினேன். அது சைக்கிளின் சத்தம் இல்லை, அவருடைய சத்தம். மேல் லயத்தில் அது கேட்டால் நான் இங்கே அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தலை வைப்பேன். அதை நான் எப்படி அமுக்குவது?

மே 29, வெள்ளி

மழை. மிச்சம் பாதிப் பெட்டி.

ஹாஜியார்: "நாளக்கி ஒரு நாள் பாருங்கோ தங்கச்சி. ஞாயித்துக்கெழம அந்த த்ரீவீல்காரன் வாறான்."

மகள் ராத்திரி போன் எடுத்தாள். "அம்மா, வந்துருங்கம்மா. இங்க ஒரு மேடம் ஆள் தேடுறாங்க. தங்க எடமும் இருக்கு." மழை விடட்டும் என்றேன். "அழுதீங்களாம்மா?" என்றாள். இல்லை என்றேன். அவள் அழுதாள்.

நாற்காலி போட்டு ஏறி அலுமாரிக்கு மேலிருந்து எடுத்தேன். பித்தளை பச்சை பிடித்திருக்கிறது. ரப்பர் குண்டில் பெருவிரல் படுகிற இடம் மட்டும் தேய்ந்து வழவழ என்று. புளி போட்டுத் துலக்கினேன். ஹேண்டிலில் பூட்டினேன். அமுக்கவில்லை.

மே 30, சனி

மழை, பனி இரண்டும்.

முதல் லயம். நின்றேன். ரோஸ் கையுறையைக் கழற்றினேன். பெருவிரல் அந்தத் தேய்ந்த இடத்தில் போய்த் தானாக உட்கார்ந்தது. என் விரலுக்கு அந்த இடம் பெரிது. அமுக்கினேன்.

தகரச் சத்தத்துக்கு மேலாகப் போனது. கதவுகள் திறந்தன. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வந்து வரிசையாக வாங்கிப் போனார்கள். ஒருத்தி மட்டும் என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் லயத்துக்கும் மூன்றாம் லயத்துக்கும் நடுவில் அழுதேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக. நெஞ்சுக்குள் நோவு. இவ்வளவு நாளும் எங்கே இருந்ததோ. மழையில் யாருக்கும் கேட்டிருக்காது. கண்ணைத் துடைத்தால் கையில் அட்டைச் சவுக்காரம், அது வேறு எரிச்சல். பிறகு ஏறி மிதித்தேன்.

கடைசி லயம், மேல் டிவிஷன். பெரட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. பெட்டியில் இரண்டு ராத்தல் பாண்தான் மிச்சம். மூலை வீட்டில் பெரியசாமி, தூக்கம் கலையாத ஆள். ஹோனை அமுக்கினேன். உள்ளேயிருந்து குரல்.

"மணியண்ணே, ரெண்டு ராத்தல் வைங்க. இந்தா வாறேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டையும் எடுத்து நனையாத படியில் வைத்தேன். கொண்டி இழுபடுகிற சத்தம் கேட்டது. கதவு திறப்பதற்குள் இன்னொரு தடவை அமுக்கினேன்.