இழுப்பு என்று அவள் சொன்னது

14 மார்ச் 1977, திங்கள்

காலையிலிருந்து பனி விலகவில்லை. ஸ்டோரில் மருந்தடிக்கும் பம்பு இரண்டைக் காணோம். தோட்டத்துத் துரை போலீசுக்குப் போன் செய்யச் சொன்னார், செய்தேன். மதியம் ஜீப்பில் வந்து ஆண்டியப்பனை ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசியாகப் பம்பைத் தொட்டவன் அவன்தானாம். "ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்டுருவாங்க லா," என்று அவன் மனைவி பாஞ்சாலையிடம் சொன்னேன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள்.

16 மார்ச்

இன்னும் விடவில்லை. பாஞ்சாலை ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். நாளைக்கு வந்துவிடுவான் என்றேன்.

17 மார்ச்

ஆண்டியப்பன் செத்துப்போனான். லாக்கப்பில் விழுந்து தலையில் அடிபட்டதாம். முப்பத்தாறு வயது.

19 மார்ச்

பாஞ்சாலையிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். ஸ்டேஷனில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை, என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். என் மலாயைக் கேட்டு சார்ஜன், "நீ பள்ளிக்கூட வாத்தியாராகப் போயிருக்கலாம்" என்றார். சாவு வீட்டுக் காரியமாகப் போன இடத்தில் எனக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் உச்சி குளிர்ந்தது. எழுதி வைக்கிறேன், இல்லையென்று பிறகு சொல்லக்கூடாது.

அவனுக்கு ஏதாவது நோய் உண்டா என்று சார்ஜன் கேட்டார். "குளிருக்கு இழுப்பு வரும்," என்றாள் பாஞ்சாலை. இழுப்பு என்றால் எங்கள் வீட்டில் என் தங்கை வடிவம்மாளுக்கு வந்ததுதான். கை கால் வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும். மலாயில் அதைச் சாவான் என்பார்கள். "சாவான்," என்றேன்.

சார்ஜன் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "சாவான்?"

"யா, சாவான்."

அதற்குப் பிறகு அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மளமளவென்று எழுதினார். பாஞ்சாலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருவிரலை வைத்தாள்.

2 ஏப்ரல்

ஸ்டேஷனில் நான் மொழிபெயர்த்ததைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பக்கிரிசாமியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கையிலிருந்த சீசாவைக் கீழே வைத்தார்.

"ஆண்டியப்பனுக்கு வலிப்பா? யாரு சொன்னா? அவனுக்கு நெஞ்சு இழுப்பு லா. மூச்சு வாங்கும். மாசா மாசம் நாந்தான் மாத்திரை குடுத்தேன். மலாய்ல அதுக்கு லெலா."

நோயாளிப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அவன் பெயர், மூச்சிரைப்பு.

ஒரே சொல்லுக்கு இரண்டு நோய். என் வீட்டு இழுப்பை அவன் தலையில் கட்டிவிட்டேன். வலிப்பு வந்தவன் விழுவான், தலை மோதும், உடம்பில் காயமிருக்கும், யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அவர்களுக்கு என்ன தேவைப்பட்டதோ அதை நானே கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். குளிப்பாட்டியவர்கள் இரண்டு பாதத்திலும் வரி வரியாகக் காயம் பார்த்ததாகச் சொல்கிறார்கள். வலிப்பு உள்ளங்காலில் வரி போடுமா?

நாளைக்கே போய்த் திருத்திச் சொல்ல வேண்டும்.

3 ஏப்ரல்

போகவில்லை. மழை.

11 ஏப்ரல்

போனேன். சார்ஜன் கோபப்படவில்லை, சிரித்தார். "அப்படியானால் அன்றைக்குப் பொய்யா சொன்னாய், கிராணி? பொய் மொழிபெயர்ப்புக்கு ஜெயில் உண்டு, தெரியுமல்லவா?" நான் திரும்பி வருவதற்குள் சேதி துரைக்கு வந்துவிட்டது. உன் வேலை ஆபீஸில், சின்னையா, என்று மட்டும் சொன்னார்.

என் மனைவி திலகம் அழுதாள். "மூணு பிள்ளைங்க இருக்கு. இருக்கிற வீடும் தோட்டத்து வீடு. யோசிச்சுச் செய்யுங்க."

யோசித்தேன். யோசிக்க உட்கார்ந்தால் எந்தக் காரியம்தான் நடக்கும்.

22 பிப்ரவரி 1978

இன்று மரண விசாரணை. என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். வாக்குமூலத்தைச் சரியாக மொழிபெயர்த்தீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். பதிலுக்குக் காத்தும் இருந்தார். பத்து மாதமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. இரண்டாம் வரிசையில் சார்ஜன் உட்கார்ந்திருந்தார்.

"யா," என்றேன்.

வலிப்பு வந்து விழுந்து இறந்தான், யார் மேலும் குற்றமில்லை என்று முடிந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

பஸ் நிற்குமிடத்தில் பாஞ்சாலை என்னிடம் வந்தாள். "ஒண்ணு கேக்கணும் கிராணி ஐயா. என் புருஷன் செத்து அப்ப ரெண்டு நாளுதான். அந்த சார்ஜன்கிட்ட சாவான், சாவான்னு ரெண்டு வாட்டி ஏன் சொன்னீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மலாய்ச் சொல் என்றேன்.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

பஸ் வந்துவிட்டது என்றேன்.

1980, தீபாவளி

பாஞ்சாலை வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. எதற்கு வரும்.

6 மே 1983

கடிதம் எழுத வேண்டுமென்றால் பாஞ்சாலை கோலா தெர்லாவிலிருக்கும் ஒரு காய்கறித் தோட்டக்காரரிடம் போகிறாளாம். லோரி பிடித்துப் போகிறாளாம். என் ஆபீஸ் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

9 ஜூன் 1986

பாஞ்சாலையின் மகள் சீதா வந்தாள். தகப்பன் போனபோது பத்து வயது. இப்போது பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிள்ளை, மலாய் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். விசாரணைத் தாள்களின் நகல் கையில் இருந்தது.

"இதுல சாவான்னு போட்டிருக்கு. வலிப்பு. அப்பாவுக்கு அது கிடையவே கிடையாதுன்னு அம்மா சொல்லுது. நீங்கதானே சொன்னது?"

ஆமாம் என்று சொல்ல ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி இருந்தும் கடைசி வரை அவள் உட்காரவில்லை. பக்கிரிசாமி இப்போது உயிரோடு இல்லை. ஆஸ்பத்திரியை இடம் மாற்றியபோது பழைய புத்தகங்களை எரித்துவிட்டார்கள். மிச்சமிருப்பது என் வாய்தான். சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு, பிள்ளைகளும் தலையெடுத்துவிட்டார்கள். இழக்க ஒன்றுமில்லாதபோது வருவதும் ஒரு தைரியமா?

27 ஜூன்

வக்கீலைப் பார்க்க ஈப்போவுக்குப் பாஞ்சாலை, சீதா, நான் மூவரும் போனோம். வக்கீல் பொறுமையானவர். போலீஸ் மேல் புகார் என்றால் போலீஸ் மேலிடத்துக்குத்தான் எழுத வேண்டும் என்றார்.

"அடிச்சவங்க வீட்டுலயே போயி பிராது குடுக்கணுமா?" என்றாள் பாஞ்சாலை. "அவங்கள விசாரிக்க வேற ஆளே இல்லையா?"

"இல்லம்மா. அப்படி ஒரு ஆபீஸ் நம்மகிட்ட இல்ல."

வரும் வழியில் அவள் என்னிடம் பேசவில்லை. ஆனால் அதே பஸ்ஸில் வந்தாள்.

21 ஆகஸ்ட்

விசாரிக்க ஆள் வந்தார். அதே சார்ஜன், இப்போது இன்ஸ்பெக்டர். வேலி பயிரை மேய்ந்ததா என்று வேலியையே கேட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். வயசாகிவிட்டது அவருக்கும். என்னைப் பார்த்து, "இன்னும் இங்கேதானா, கிராணி?" என்றார். லெலா என்றேன். இந்தத் தடவை மூன்று முறை சொன்னேன். எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று படித்துக் காட்டவில்லை.

12 ஜனவரி 1987

பதில் வந்திருப்பதாகப் பாஞ்சாலை ஆள் அனுப்பினாள். அவள் வீட்டு வாசற்படி ஏறிப் பத்து வருஷம். சீதா ஏற்கெனவே படித்துவிட்டாள் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "நீங்களே படிக்கணுமாம். அம்மா சொல்லுது."

மலாயில் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். மறு விசாரணைக்கு ஆதாரமில்லை. இறந்தவருக்குச் சாவான், அதாவது வலிப்பு, இருந்தது. வாக்குமூலம் சரியாக மொழிபெயர்க்கப்பட்டது என்பதை, மொழிபெயர்ப்பாளர் சின்னையாவே 22.2.1978 அன்று நீதிமன்றத்தில் உறுதி செய்துள்ளார். பின்னால் கொடுத்த பத்திரத்தை ஏற்பதற்கில்லை.

என் பெயர் வந்த இடத்தையும் தாண்டிப் போகவில்லை. ஒரு சொல்லைக் கூட விடவில்லை, மாற்றவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் பாஞ்சாலை.

"அவ்வளவுதான்."

"இப்பத்தான் ஒழுங்கா சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சீதா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் கடிதத்தை மடித்தேன்.

"மடிக்காதீங்க," என்றாள் பாஞ்சாலை. "உங்க பேரு வர்ற எடத்த இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன்.