ஆலா போட்ட நெத்திலி

இன்று காலை இராயபுரம் கரையில் நின்றிருந்தேன். தோளில் சொத்தென்று ஏதோ விழுந்தது. காக்கை எச்சம் என்று முகம் சுளித்துப் பார்த்தால், ஒரு நெத்திலி. வயிற்றில் அலகு பதிந்த தடம். மேலே இரண்டு ஆலாப் பறவைகள் அந்த மீனுக்காகக் கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சிரிப்பு வந்தது, கூடவே உன்மேல் கோபமும். கூட்டாளி, நீ செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வேலையைக் காட்டுகிறாயே!

வெள்ளைக்காரன் கப்பலேறிய புதிதில் நம் சொத்து ஒரு கட்டுமரமும் உன் கண்ணும்தான். எல்லாரும் தண்ணீரைப் பார்ப்பார்கள், நீ அண்ணாந்து வானத்தைப் பார்ப்பாய். அடியில் வஞ்சிரம் விரட்டினால் நெத்திலி மேலே வரும். மேலே வந்தால் ஆலா தலைகுப்புறப் பாயும். "ஆலா வுழுற எடத்துல வலய போடு, மீதிய அது பாத்துக்கும்" என்பாய். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தவறிய நாட்களை மட்டும், நீ கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட தனத்தின் அப்பா எண்ணி வைத்திருந்தார்.

"வானத்த பாத்துகினு கீறவனுக்கு எப்டி பொண்ண குடுக்கறது?" என்றவர், கடைசியில் ஒரு வழி சொன்னார். மறுநாள் மதியத்துக்குள் ஒரு வஞ்சிரம் கொண்டுவந்தால் தனம் உனக்கு. இல்லையென்றால் எண்ணூரிலிருந்து பெண் கேட்டு வந்தவனுக்கு.

விடிந்ததும் தூரத்துப் பறவைக் கூட்டத்தை நீ காட்ட, ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டோம். போய்ப் பார்த்தால் நங்கூரமிட்ட சரக்குக் கப்பல். சமையல்காரர் மிச்சம் மீதியைக் கொட்ட, கடற்காகங்கள் தண்ணீரில் உட்கார்ந்து பந்தி நடத்திக்கொண்டிருந்தன, உருளைக்கிழங்குத் தோலோடு. ஆலா அப்படி உட்காராது, கடற்காகம் அப்படிப் பாயாது. நம் குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். தனத்தை நினைத்துக்கொண்டே பார்த்த உன் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

வெறுங்கையோடு திரும்பினோம். அப்போதுதான், புயல் காலத்தில் மட்டும் எங்கிருந்தோ வரும் அந்தப் பிளந்த வால் கறுப்புப் பறவை, மீனோடு வந்த ஓர் ஆலாவைத் துரத்தியது. இறக்கை நனைந்தால் அதற்கு எழும்ப வராது. அதனால் அடுத்தவர் வாயிலிருந்து பிடுங்கித் தின்னும் பிழைப்பு. பயந்த ஆலா மீனைப் போட்டது. ஒரு நெத்திலி, உன் மடியில் விழுந்தது.

அந்த ஒற்றை நெத்திலியை வாழையிலையில் வைத்து தனத்தின் அப்பா வீட்டுக்கே எடுத்துப் போனாயே, அந்தத் துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை.

"இதுக்கு சட்டி வேற வெக்கணுமா?" என்றார். கதவுக்குப் பின்னால் தனம் சிரிப்பை அடக்கினாள்.

நீ பொய் சொல்லவில்லை. "நான் புடிக்கல மாமா. ஆலா போட்டுட்டு போச்சு."

அலகுத் தடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "எந்தப் பக்கமா வந்துச்சு?"

"எண்ணூர் பக்கமா."

"அடப்பாவி! வஞ்சிரத்த அங்க வுட்டுட்டு இங்க இன்னா நின்னுகினு கீற?" என்று துண்டை உதறிக்கொண்டு ஓடினார். நம் கட்டுமரத்தில் ஏறி, உன் பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். உச்சி வெயிலுக்கு முன்பே உன் வலையில் வஞ்சிரம் துள்ளியது.

கரைக்கு வந்தால் நான் இன்னும் வானத்தைத்தான் பார்க்கிறேன். கழுத்து வலி நீ விட்டுப்போனது.

இன்று விழுந்த நெத்திலியை உன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். நீ போனதிலிருந்து தனம் மீனைத் தொடுவதில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அலகுத் தடத்தை விரலால் தடவினாள்.

"யாருண்ணே குடுத்தனுப்புனது?"

மேலே கை காட்டினேன். அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், பிறகு எழுந்து போய் அந்த ஒற்றை மீனுக்குச் சட்டி வைத்தாள்.