கப்பல் நேரம்

பிப்ரவரி 6

கடல் நாள். எந்தப் பக்கமும் கரை இல்லை. காலை உணவுக் கூடத்தில் மேசைவிரிப்பில் நேற்றைய கறை அப்படியே இருந்தது. மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள்.

எதிரே உட்காரும் கோழிப்பண்ணைக்காரரின் மனைவி, "உங்க வீட்டுக்காரர் இன்னும் எழுந்திரிக்கலையா?" என்று கேட்டாள். டாக்டரைச் சொல்கிறாள். என் வீட்டுக்காரர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன, இவர் என் பல் டாக்டர், மனைவியை இழந்தவர், அவர் அறை அந்தப் பக்கம், என் அறை இந்தப் பக்கம், இருவரும் தனித்தனியே டிக்கெட் எடுத்திருக்கிறோம் என்று விளக்கினேன். அவள் "ஆங், ஆங்" என்று தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

உலகத்தைச் சுற்றி வரப்போகிறேன் என்றது நான். கூட வரட்டுமா என்றது அவர். மகனிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 7

டாக்டர் கேட்டே விட்டார். மேல்தளத்தில் மூன்றாவது சுற்று நடக்கும்போது, வாயைத் திறங்க என்று சொல்கிற அதே குரலில்: "ஊருக்குப் போனதும் ரெண்டு வீடு எதுக்குங்க? பதிவு பண்ணிக்கிட்டு ஒரே வீட்ல இருந்துடலாமே."

பயணம் முடிவதற்குள் பதில் சொல்கிறேன் என்றேன்.

"மெதுவா சொல்லுங்க. இதுக்கு மரத்துப்போற ஊசியெல்லாம் கிடையாது" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியாதா? வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்படியிருக்க, ஏன் சொல்லவில்லை? நல்லவர், சுத்தமானவர், என் பேச்சை மீறாதவர். அப்புறம் என்ன தயக்கம்? தெரியவில்லை.

பிப்ரவரி 10

துறைமுகம். இந்த ஊரில் கால் வைப்பது இதுதான் முதல் முறை. ஆனால் வெளியூர் போன் இணைக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ முறை இந்த ஊருக்கு லைன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இங்கே ஓர் ஆபரேட்டர் எப்போதும் தும்மிக்கொண்டே இருப்பாள். அவள் உட்கார்ந்திருந்த கட்டடத்தைத் தேடிப் போனோம். கீழே செருப்புக்கடை வந்திருக்கிறது. மாடி ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன. நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் கப்பலில் எத்தனை பேர் இந்த ஊரோடு பேசியிருப்பார்கள்?

எந்த ஊரில் இப்போது என்ன மணி என்று அட்டவணை பார்க்காமல் சொல்லும் சூப்பர்வைசர் நான் ஒருத்திதான். பெண்கள் எனக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம். எனக்கு அதில் பெருமைதான்.

பிப்ரவரி 11

பேரலை. சாப்பாடு வேண்டாம். கையெழுத்து கோணுகிறது, சகிக்கவில்லை.

பிப்ரவரி 15

இதை நிதானமாக எழுத வேண்டும். இன்று கப்பலைத் தவறவிட இருந்தோம். இல்லை. தவறவிட இருந்தது நான்.

காலையில் இறங்கும்போது என் கைக்கடிகாரத்தையும் டாக்டருடையதையும் ஒரு மணி நேரம் பின்னால் வைத்தேன். இந்த ஊர் நேரம் அதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "கப்பல்ல நேரம் மாத்தலைன்னு நேத்து மைக்ல சொன்னாங்களே" என்றார் அவர். ஊர் நேரத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டார்.

ஒரே பகல் நிற்கிற ஊருக்காகக் கப்பல் தன் கடிகாரத்தைத் திருப்புவதில்லை. கரையில் என்ன மணியானாலும், திரும்பி ஏறுவதற்குக் கப்பல் மணிதான் கணக்கு. எல்லா ஊரின் நேரமும் தெரிந்தவளுக்கு, ஊரே இல்லாத ஒன்றுக்கும் தனியாக ஒரு நேரம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

ஆற அமரப் பொத்தான் வாங்கிக்கொண்டிருந்தபோது கப்பல் ஊதியது. ஓடினோம். என் கைப்பையை அவர் பிடுங்கிக்கொண்டார். இந்த வயதில் நான் ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. ஏணியை எடுக்க ஆள் நின்றாகிவிட்டது. மேலே கம்பியோரம் வரிசையாக நின்று கை தட்டுகிறார்கள், போனில் படம் பிடிக்கிறார்கள். தலையைக் குனியாமல் ஏறினேன்.

வாசலில் நின்ற அதிகாரி, மொத்தக் கப்பலும் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்றார். எனக்கு மூச்சு வாங்கியது. அதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார்: "தப்பு என்னுதுங்க. அவங்க சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் கடிகாரத்தைத் திருப்பித் தொலைச்சிட்டேன்."

எனக்காகப் பொய். கை தட்டியது வலிக்கவில்லை. இதுதான் வலிக்கிறது.

பிப்ரவரி 16

காலையில் முதல் வேலையாக அந்த அதிகாரியிடம் போய், கடிகாரத்தைத் திருப்பியது நான்தான் என்றேன். "பரவால்லம்மா, விடுங்க" என்றார். விடுவதற்கில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு டாக்டர்.

"எல்லாரும் பாக்கறாங்களே, உங்க தலை குனியக் கூடாதேன்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"என் தலைய நான் பாத்துக்கறேன். என் தப்ப எடுத்துக்க நீங்க யாரு? சரி, அது போகட்டும். கப்பல் நேரம்தான் கணக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் அழுத்திச் சொல்லல?"

"சொன்னேனே. நீங்க ஒரு பார்வை பாத்தீங்க. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

எதுக்கு வம்பு! என் வீட்டுக்காரரும் அதைச் சொல்லியே வாழ்ந்து முடித்தார். மகன், மருமகள், எக்ஸ்சேஞ்ச் பெண்கள், எல்லோருக்கும் நான் ஒரு வம்பு. சொன்னதற்கெல்லாம் சரி, சரி. மறுமுனையில் ஆளில்லாத லைனில் எத்தனை வருடம் பேசுவது? என்னால் முடியாதுடா சாமி.

"எதுத்துப் பேசத் தெரியாத ஆளோட என்னால ஒரே வீட்ல இருக்க முடியாது. நீங்க கேட்டதுக்கு இதுதான் பதில்" என்றேன்.

ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். பார், அப்போதும் ஒன்றும் பேசாமல்.

பிப்ரவரி 17

மேசைக்கு அவர் வரவில்லை.

பிப்ரவரி 18

கோழிப்பண்ணைக்காரரின் மனைவி, "வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன். விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

சொன்னது சரி. சொன்ன விதமும் சரி. பிறகு ஏன் சூப் இறங்கவில்லை?

பிப்ரவரி 20

துறைமுகம். குன்றின்மேல் ஒரு கலங்கரை விளக்கம். இறங்கும் வரிசையில் டாக்டர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். மேலே ஏறப் போகிறேன், வருவதானால் வரலாம் என்றேன்.

"நான் வரல. நீங்களும் ஏறக் கூடாது. உங்க முழங்காலுக்கு அந்தப் படி ஆகாது."

பார்த்தேன். என் பழைய பார்வைதான். அசையவில்லை மனுஷன். "எவ்வளவு வேணும்னாலும் பாருங்க. நான் கீழ காபி குடிச்சிட்டு இருக்கேன்" என்று நடந்துவிட்டார்.

ஏறினேன். பாதியில் முழங்கால் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தேன். காபிக்கடையில் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் பார்க்காத மாதிரி இருந்திருப்பார்கள்.

"சொன்னேனா இல்லையா?"

எரிச்சலாக வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. எனக்கு ஏனோ நன்றாகப் பசித்தது.

மார்ச் 9

கடல் நாள். சீட்டாட்டத்தில் நான் கள்ள ஆட்டம் ஆடுவதாக எல்லோர் எதிரிலும் சொன்னார். அபாண்டம். சீட்டுகளை அவர்முன்னே விரித்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டார், ஒரே ஒரு முறை.

ஏப்ரல் 27

டாக்டர் கேட்டதையும், என் பதில் மாறிவிட்டதையும் மகனிடம் போனில் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உங்க பேச்சக் கேட்டு நடப்பாராம்மா?"

"கேக்க மாட்டார்டா."

சிரித்தான். என்னிடம் இப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

மே 3

நாளை இறங்குகிறோம். பெட்டிகளில் கட்ட நிறச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ஒரு நிறத்துக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும். எனக்கு மஞ்சள், டாக்டருக்குச் சிவப்பு. இரண்டு அறைக்கும் ஒரே நிறம் வேண்டும் என்று அறைப் பணிப்பெண்ணிடம் கேட்டேன்.

"ஒரே குடும்பத்துக்குத்தாம்மா அப்படித் தருவோம்."

"அதனாலதான் கேக்கறேன்" என்றேன்.

எந்த நிறம் என்றாள். நான் மஞ்சள் என்றேன். சிவப்பு என்றார் பக்கத்தில் நின்ற டாக்டர். ஒரு மணி நேரம் வாதாடினோம். நல்ல வாதம், நானும் சளைக்கவில்லை.

பெட்டிகளை வெளியே வைத்தாயிற்று. எல்லாவற்றிலும் சிவப்பு.