எண்ணெய் முள்ளின் மேல் சந்தனம்

வடிவு,

நீ வாய்க்காலுக்குப் போன நேரத்தில் முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். நாங்குநேரியில் அவர் மகளுக்குப் பிரசவ வலியாம். மோட்டாரில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். பழையசோறு குடித்துவிட்டேன். மோட்டார் கொட்டகைச் சாவி மாடத்தில் இருக்கிறது; உன் அண்ணன் வந்தால் வண்டிமாட்டை அங்கே கட்டட்டும்.

நேற்று ஆயுத பூஜைக்கு மோட்டாருக்குப் பொட்டு வைத்தாய், சரி. எண்ணெய் அழுத்தம் காட்டும் கண்ணாடியிலுமா சந்தனத்தை அப்புவாய்? முள் எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை; அதற்குத்தான் கத்தினேன். இஞ்சின் குளிர்ந்திருக்கையில் எண்ணெய் கெட்டியாயிருக்கும், முள் உயர நிற்கும்; அதை நம்பக்கூடாது. சூடேறி எண்ணெய் இளகின பிறகு எங்கே நிற்கிறதோ அதுதான் நிஜம். போன வாரம் சூட்டில் முள் அடியோடு விழுந்தது; எண்ணெய் இஞ்சினுக்குள் சரியாக ஏறவில்லை என்று அர்த்தம். முதலாளியிடம் சொன்னால், "காலையில நல்லாத்தானே நிக்குதுலே" என்கிறார். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு வரும்போது நடுவழியில் இஞ்சின் இறுகிப்போனால் நான் என்ன செய்வேன்? முள் விழுந்தால், யார் ஏசினாலும் நிறுத்தி ஆறவைத்துத்தான் ஓட்டுவேன்.

குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடு. எனக்காகக் காத்திருக்காதே.

பூதத்தான்

இன்னொன்று. நேற்று நீ முனகியது இப்போதுதான் மனதில் ஏறுகிறது: "அந்த முள்ளு சாயுத நேரமெல்லாம் உங்க முகமும்லா சாயுது, அதான் அங்கன வச்சேன்."

பொட்டை அழிக்கவில்லை. முள் விழுகிற அடிப்பக்கம் மட்டும் நகத்தால் சுரண்டியிருக்கிறேன். மேல்பக்கம் உன் சந்தனம் அப்படியே இருக்கிறது. காலையில் உயர நின்று முள் சொல்லும் பொய்யை இனி நான் பார்க்க வேண்டியதில்லை.