உள்ளே நூற்றிருபது அடி

மேல் பிரிவு,
மடுல்சீமை.
சனிக்கிழமை.

மதிப்புக்குரிய ஸவாஹிரா மிஸ் அவர்களுக்கு,

உங்களிடம் தபால்வழியில் கியூ.எஸ். படிக்கும் நிரஞ்சலாவின் தாய்மாமன் அழகர் மேசன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் கொழும்பில் குடும்பத்தோடு சுகமாய் இருக்கக் கதிர்காமத்தானைக் கேட்டுக்கொள்கிறேன். கதிர்காமத்தில் உங்கள் ஆட்களுக்கும் பள்ளிவாசல் இருப்பதால் அவருக்கு உங்களைத் தெரிந்திருக்கும்.

முதலில் நன்றி சொல்லவேண்டும். ஒரு கட்டடத்துக்குக் கல்லு எவ்வளவு, சீமெந்து எவ்வளவு என்று கணக்குப் போடுகிற பெரிய படிப்பை, தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை பசறையில் வீடு கட்டும் கொந்தராத்துக்காரரிடம் வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கலாம் என்று வைத்தார்களே, அந்தக் கல்லூரிக்காரருக்குக் கோடி புண்ணியம். இங்கிலீஷ் புத்தகம் விளங்காமல் அவள் முழித்த நேரம் நீங்கள் தமிழில் பேசிப் பேசி போனுக்கு அனுப்பினீர்கள். லயத்தில் சிக்னல் இல்லை. மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் நின்று கேட்க, மழைக்கு நான் குடை பிடிப்பேன். அப்படிப் பிடித்தே நானும் பாதி கியூ.எஸ். ஆகிவிட்டேன். போன மாதம் தோட்டத்துத் துரைக்கே மதில் கணக்குச் சொன்னேன், மனுஷன் தொப்பியைக் கழற்றிவிட்டார். வெயிலுக்குக் கழற்றினார் என்கிறாள் என் வீட்டுக்காரி விஜயலெட்சுமி. என் பேச்சில் பாதியைக் கழித்துக் கேட்டே அவளுக்குப் பழக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குடியிருக்கும் கட்டடத்தை அளந்து வரைய வேண்டும் என்று நீங்கள் கொடுத்த ஒப்படைக்கு நிரஞ்சலா எங்கள் லயத்தை அளந்தாள். குடும்பத்துக்கு ஓர் அறையாய் ஒரே வரிசையில் பத்துக் காம்பிரா, எல்லாம் ஒரே அளவு. வெளி நீளத்தை அவளே டேப்பில் பார்த்தாள், நூற்றெட்டு அடி. உள்ளே எங்கள் காம்பிரா ஒன்றை அளந்தால் போதும், ஆனால் அங்கே அலுமாரி மறித்தது. அவள் அதன் பின்னால் நுழைந்து பூச்சிய முனையைப் பிடிக்க, இந்தப் பக்கம் நின்று எண்ணைப் படித்தது நான். பன்னிரண்டு அடி என்றேன். அதைப் பத்தால் பெருக்கி எழுதி அனுப்பிவிட்டாள்.

போன திங்கள் நீங்கள் போன் எடுத்து, வெளியே நூற்றெட்டு, உள்ளே நூற்றிருபது, வெளியைவிட உள்ளே பெரிதாய் இருக்கும் வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தீர்களாம். பூச்சியம் போடாமல், வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப அளந்து அனுப்பு என்று தவணையும் தந்தீர்கள். வேறு யாராயிருந்தாலும் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளை ஒடிந்துவிட்டாள். இரண்டு சுவருக்கு நடுவில் அளக்கத் தெரியாதவளுக்கு இந்தப் படிப்பு எதற்கு, பெயரை வெட்டச் சொல்லப் போகிறேன் என்று மாமியிடம் சொல்லி அழுதாள். டேப்பைத் தொடவேயில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, மிஸ். ஊவா மாகாணம் முழுக்கச் சுவர் எழுப்பினவன், நாலு நாள் ஊமையாய் இருந்தேன்.

காம்பிரா பத்தடிதான். அன்றைக்கு டேப்பைப் பார்த்தபோது, கொழும்பில் படித்தவர்கள் இந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்ப்பார்களே என்று நினைப்பு வந்தது. என் தங்கச்சி தவறின பிறகு நிரஞ்சலாவும் சேர்ந்து ஆறு பேர் அதில்தான் படுத்தோம். வாயில் பன்னிரண்டு என்று வந்துவிட்டது.

வெள்ளி சாயந்திரம் அவளிடம் சொல்லிவிட்டேன். அந்த ரெண்டு அடியை எங்கேயிருந்து எடுத்தீங்க மாமா, அடுத்த காம்பிரா லூக்காஸ் அண்ணன்கிட்ட கேட்டு எடுத்தீங்களா என்றாள். விஜயலெட்சுமி சிரித்த சிரிப்பில் லூக்காஸே எட்டிப் பார்த்துவிட்டான். அப்புறம் அலுமாரியை நகர்த்தினோம். இந்த முறை அவள் எண்ணைப் பார்த்தாள்.

இன்று காலை தொட்டிப் பக்கம் ஏறிப் புது வரைபடத்தை அனுப்பிவிட்டாள். தவணை நேற்றோடு முடிந்ததால், தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் நிரப்பச் சொல்லி வந்ததாம். என்னம்மா போட்டாய் என்று கேட்டதற்கு, அளந்ததில் என் பிழை என்று போட்டேன் மாமா, வேற என்ன போடுறது என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவள் எழுதினது பொய், மிஸ். அவளுக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை, அதுதான் என்னமோ போல் இருக்கிறது. ஒரு நாள் பிந்தினதற்காக அவள் ஒப்படையைத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் கட்டத்தில் அவள் எழுதினதை வெட்டிவிட்டு, கீழே இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

காரணம்:
தாய்மாமன் அழகர்.